ஒற்றைக் குழாய் வாஷிங் மெஷின்: கரன்ட் செலவும் வெளுப்பும் – முழுமையான வழிகாட்டி

"ஹீட்டர் உள்ள மெஷினா? பில் எகிறிடுமே!" என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்திலேயே பலர் ஃப்ரன்ட் லோட் மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு, வருடக்கணக்காகப் பச்சைத் தண்ணீரிலேயே துவைக்கிறார்கள். சட்டைக் காலரில் அழுக்கு அப்படியே இருந்தால் பழி மெஷின் மேல் விழுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், நம் ஊர் வெயிலில் இந்தப் பயத்துக்கு வேலையே இல்லை.

முதலில் மெஷினின் பின்பக்கம் பாருங்கள்

தண்ணீர் உள்ளே போக ஒரே ஒரு குழாய் இருந்தால் அது 'கோல்ட் ஃபில்' வகை. குழாய்த் தண்ணீரை அப்படியே எடுத்து, வேண்டிய சூட்டுக்கு உள்ளேயே ஏற்றிக்கொள்ளும். இங்கே விற்கும் ஃப்ரன்ட் லோட் மெஷின்கள் பெரும்பாலும் இப்படித்தான். டாப் லோடில் பலவற்றுக்கு ஹீட்டரே கிடையாது; குழாயில் வருகிற சூடுதான் துவைக்கிற சூடு. எனவே வாங்கும்போது "ஹீட்டர் இருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் ஒரு காலத்தில் சூடு, குளிர் என இரண்டு குழாய் உள்ள மெஷின்கள் சாதாரணம். மெஷின்கள் தண்ணீரைச் சிக்கனமாக எடுக்கத் தொடங்கியதும் சூட்டுக் குழாயால் பெரிய பலன் இல்லாமல் போனது. பாய்லரிலிருந்து சூடு வந்து சேர்வதற்குள் குழாயில் ஆறிக் கிடந்த தண்ணீரே மெஷினுக்கு வேண்டியதில் பாதியை நிரப்பிவிட்டது.

கரன்ட் கணக்கு: நீங்களே போடலாம்

ஒரு யூனிட் மின்சாரம் 86 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி சூடாக்கும். மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான்.

ஏழு கிலோ ஃப்ரன்ட் லோட் மெஷின் சோப்புப் போட்டுத் துவைக்கும் சுற்றுக்கு ஏறக்குறைய 15 லிட்டர் எடுக்கும். துணியும் ட்ரம்மும் சேர்ந்து சூடாக வேண்டுமே, அதற்காக 18 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். சென்னையிலோ மதுரையிலோ குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் வருகிறது என்றால், 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டியது 12 டிகிரிதான். அதற்குக் கால் யூனிட் போதும். ட்ரம்மைச் சுழற்றுகிற மோட்டாருக்கும் பம்புக்கும் 0.15 யூனிட் சேர்த்தால், ஒரு துவைப்புக்கு 0.4 யூனிட். 60 டிகிரியில் வைத்தால் 0.8, 90-ல் வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட்.

வாரம் நான்கு முறை துவைக்கும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 35 துவைப்பு. பச்சைத் தண்ணீரில் 5 யூனிட், 40 டிகிரியில் 14 யூனிட், 60-ல் 29. யூனிட் ஐந்து ரூபாய் என்று போட்டால் பச்சைத் தண்ணீருக்கும் 40 டிகிரிக்கும் இடையே வித்தியாசம் இரண்டு மாதத்துக்கு 45 ரூபாய். ஆனால் உங்கள் பில் எந்தப் படியில் முடிகிறதோ அந்த விலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பதால், ஏசி ஓடும் கோடையில் மட்டும் 60 டிகிரியைக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

உதகையில் தண்ணீரே 15 டிகிரியில் வந்தால் இதே 40 டிகிரிக்கு 0.67 யூனிட் ஆகும். சமவெளியில் இருப்பவர்களுக்கு மீதியை வெயில் இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி இருந்தால், ஏப்ரல் மதியம் இரண்டு மணிக்குத் துவையுங்கள். ஹீட்டருக்கு வேலை இன்னும் குறையும்.

பணம் உண்மையில் போவது சோப்பில்

லிக்விட் லிட்டர் 200 ரூபாய் என்றால், ஒரு முறைக்கு 60 மில்லி ஊற்றும்போதே 12 ரூபாய் போகிறது. கரன்டுக்கு ஆவதோ இரண்டு, மூன்று ரூபாய். மூடியை நிரப்பி ஊற்றுகிற பழக்கத்தை விட்டாலே ஹீட்டர் செலவு திரும்பி வந்துவிடும். நுரை அதிகமானால் அலசலும் கூடும், தண்ணீரும் கூடும்.

தண்ணீரில் ஃப்ரன்ட் லோட் தெளிவாக ஜெயிக்கிறது: ஒரு துவைப்புக்கு 50 லிட்டர் அளவு, ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடுக்கு 100-க்கு மேல். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமே அல்ல.

எந்தத் துணிக்கு எத்தனை டிகிரி

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உருகும். அதனால்தான் தலையணை உறையின் எண்ணெய்ப் பிசுக்கு நம் ஊரில் பச்சைத் தண்ணீரிலும் ஓரளவு இளகுகிறது. நெய் அப்படியல்ல, அது நன்றாக உருக முப்பது டிகிரிக்கு மேல் வேண்டும். சமையலறைத் துணி, கைப்பிடித் துணி, சாப்பாட்டுக் கறை பட்ட பள்ளிச் சட்டை இவற்றுக்கு 40 வையுங்கள். சோப்பில் உள்ள என்சைம்களுக்கும் 30 முதல் 50 டிகிரி வரைதான் தோது.

கோல்ட் ஃபில் மெஷினுக்கு இதில் ஓர் அருமையான பலம் உண்டு. ரத்தம், பால், முட்டை போன்ற கறைகள்மேல் கொதிநீர் பட்டால் புரதம் இறுகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். இந்த மெஷினில் தண்ணீர் குளிர்ச்சியாக நுழைந்து மெல்ல மெல்லச் சூடாவதால், கறை இறுகுமுன் என்சைம் வேலையைத் தொடங்கிவிடும். இரட்டைக் குழாய் மெஷினில் எடுத்த எடுப்பிலேயே சூடு உள்ளே வந்துவிட்டால் இந்த வாய்ப்பு கிடைக்காது.

போர்வை, படுக்கை விரிப்பு, குழந்தைத் துணிக்கு 60. தூசிப் பூச்சிகள் அந்தச் சூட்டில்தான் சாகும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். சுங்குடிச் சேலை, சாயம் போகும் துணி எல்லாம் தனியாக, பச்சைத் தண்ணீரில். 90 டிகிரி அன்றாடம் தேவைப்படுவதில்லை.

'எக்கோ' ஓட்டம் மூன்று மணி நேரம் எடுக்கிறதே என்று பதறாதீர்கள். சூட்டைக் குறைத்து, ஊறும் நேரத்தைக் கூட்டுகிறது. சூடாக்கத்தான் கரன்ட் தின்னும். சுற்றுவதற்கு அவ்வளவு ஆகாது.

வைக்கும் இடம்

ஹீட்டர் ஏறக்குறைய 2,000 வாட் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும், எர்த் உட்பட. எக்ஸ்டென்ஷன் போர்டு கூடவே கூடாது. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இந்த ஹீட்டரைத் தாங்காது.

மேல்மாடி வீடு என்றால் தண்ணீர் அழுத்தத்தைக் கவனியுங்கள். பல மெஷின்களுக்கு குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை தேவை. அதாவது தொட்டி, மெஷினுக்கு மேலே மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தலைக்குச் சற்று மேலேயே தொட்டி இருந்தால் தண்ணீர் சொட்டிச் சொட்டி ஏறும். கொஞ்ச நேரத்தில் மெஷின் பிழைக் குறி காட்டி நின்றுவிடும். சின்ன பிரஷர் பம்பு போட்டால் தீரும்.

சோலார் தண்ணீரைக் கொடுக்கலாமா?

ஒற்றைக் குழாயில் கொடுத்தால் அலசலுக்கும் சூட்டுத் தண்ணீர்தான் போகும், வீண். எவ்வளவு சூடு வரை அந்தக் குழாய் தாங்கும் என்று மெஷினின் கையேட்டில் பார்க்காமல் இணைக்காதீர்கள். மிச்சமாவது கால் யூனிட். பிளம்பருக்குக் கொடுக்கிற பணம் அதில் திரும்ப வராது.

போர் தண்ணீர் உள்ளவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது

உப்புத் தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து ஹீட்டரில் வெள்ளையாகப் படியும். சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் ஹீட்டர் கம்பி தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை, துணி இல்லாமல் ட்ரம்மில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஓட்டுங்கள். பிளீச்சிங் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

தண்ணீர்க் குழாயை மெஷினில் மாட்டும் இடத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும். குழாயை மூடி, மறையைக் கழற்றி, வலையைக் குறடால் மெல்ல இழுத்தெடுங்கள். மணலும் துருவும் அப்பியிருக்கும். பழைய பல் பிரஷால் தேய்த்துத் திரும்ப மாட்டுங்கள். துவைத்து முடித்ததும் கதவு ரப்பரின் மடிப்பைத் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் வாடை வராது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் உள் ஈரம் காய்ந்ததும் கதவைச் சாத்தி, பிளக்கையும் அணைத்துவிடுங்கள்.