உட்காதும் ஸ்கேன் படமும்



கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை "மந்தம், போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறோம். பெரியவர்களுக்குக் கேட்காவிட்டால் "வயசு போயிருச்சு" என்று விட்டுவிடுகிறோம். காரணம் தெரியாமல் இப்படிச் சொல்வதால் காலம்தான் வீணாகிறது. காரணத்தைத் தேட ஸ்கேன் எப்படி உதவுகிறது என்று இம்முறை படிப்போம்.

உட்காது எங்கே இருக்கிறது?

காதுக் குடுமி, சீழ், செவிப்பறையில் ஓட்டை இவற்றை டொக்டர் வெளிச்சம் அடித்தே பார்த்துவிடுவார். உட்காது அப்படியல்ல. மண்டை ஓட்டின் மிகக் கெட்டியான எலும்புக்குள் அது ஒளிந்திருக்கிறது. அங்கே ஒரு கடலை அளவில், இரண்டரைச் சுற்றுள்ள நத்தைச் சுருள் ஒன்று உண்டு. அதற்குள் நீர் நிறைந்திருக்கும். சத்தம் வந்ததும் நீர் அசையும், நுண்ணிய மயிர்க் கலங்கள் அதை உணரும், நரம்பு மூளைக்குக் கொண்டு போகும்.

முதலில் கேட்கும் சோதனை

வந்தவுடனே ஸ்கேன் எடுப்பதில்லை. காதைப் பார்த்து, எந்தக் காதில் எவ்வளவு கேட்கிறது என்று சோதித்த பிறகே, தேவையானால் டொக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுப்பார்.

இரண்டு வகை ஸ்கேன்

1. சி.ரி. ஸ்கேன்: எக்ஸ்ரே கதிரால் எடுப்பது. சில நிமிடத்தில் முடியும். எலும்பை நன்றாகக் காட்டும். பிறவியிலேயே சுருள் சரியாக அமையாததும், விழுந்து எலும்பு வெடித்ததும் இதில் தெரியும்.

2. எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: காந்தத்தால் எடுப்பது, எக்ஸ்ரே கதிர் இல்லை. உட்காது நீரையும் நரம்பையும் காட்டும். அரை மணி நேரம் வரை ஆடாமல் படுக்க வேண்டும். மெஷின் தடதடவென்று சத்தம் போடும், பயப்பட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தூங்க மருந்து கொடுப்பார்கள். தோடு, கொண்டை ஊசி, தாலிக்கொடி எல்லாம் கழற்ற வேண்டும். வெறும் மஞ்சள் கயிறு என்றால் முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள். உடம்புக்குள் இரும்புத் துண்டோ இருதயக் கருவியோ இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் கட்டாயம் சொல்லுங்கள்.

படத்தால் என்ன பயன்?

• மெனிஞ்சைட்டிஸ் என்னும் மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைக்குச் சுருளுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடலாம். சில கிழமைகளிலேயே இது தொடங்கலாம். அடைத்த பிறகு கேட்கும் கருவியின் கம்பியை உள்ளே வைப்பது கஷ்டம். ஆகவே காய்ச்சல் சுகமானதும் உடனே காதைச் சோதிக்க வேண்டும்.

• சில பிள்ளைகளுக்கு உட்காதிலிருந்து போகும் ஒரு மெல்லிய குழாய் பிறவியிலேயே அகலமாக இருக்கும். தலையில் அடிபட்டால் மிச்சமிருக்கும் கேள்வியும் குறையலாம். தெரிந்தால் பாதுகாக்கலாம்.

• பெரியவர்களுக்கு ஒரு காது மட்டும் மந்தமாகி வந்தால், நரம்பில் கட்டி உண்டா என்று எம்.ஆர்.ஐ. காட்டும். இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல.

படம் சுத்தமாக இருந்தால்?

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்" என்று கிளினிக்கை நிறுத்திவிடாதீர்கள். மயிர்க் கலங்களின் சேதம் ஸ்கேனில் தெரியாது. பெக்டரியில் ரோலர் சத்தத்தில் வருடக்கணக்காக நின்றவர்களுக்கு வரும் மந்தம் இந்த வகைதான். அவர்களுக்குக் கேட்கும் கருவி உதவும். இன்னும் வேலை செய்பவர்கள் காதடைப்பான் போட வேண்டும்.

எப்போது போக வேண்டும்?

மூன்று மாதப் பிள்ளை பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடாவிட்டால், ஒரு வயதிலும் பெயருக்குத் திரும்பாவிட்டால், காத்திருக்க வேண்டாம். யாருக்காவது திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போகவும். முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் கேள்வி திரும்ப அதிக வாய்ப்பு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்க்கக் காசு இல்லை. தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போங்கள். பழைய கிளினிக் கொப்பியையும் ஸ்கேன் படங்களையும் பத்திரமாக வைத்து, போகும்போதெல்லாம் கொண்டு போங்கள்.