பொன் ஏறும் பலகை

தஞ்சை ஓவியத்தின் முன் நிற்பவரின் கண்ணை முதலிற் கவர்வது பொன்னே. கண்ணனின் முடியும், மார்பணியும், மண்டபத் தூண்களும் விளக்கொளியில் சுடர்விடுகின்றன. பொன் எத்தனை மாற்று என்று பலரும் வினவுவர். அதனைத் தாங்கி நிற்கும் பலகையைப் பற்றி வினவுவார் மிகச் சிலரே. ஆயினும், இவ்வோவியத்திற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘பலகைப் படம்’ என்பது. அப்பெயரை இட்டவர் தொழிலை உள்ளபடி அறிந்தவராகத்தான் இருத்தல் வேண்டும்.

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள், சிறப்பாக இரண்டாம் சரபோசி (1798–1832), இக்கலையைப் போற்றி வளர்த்தனர். அந்நாளில் பலாமரப் பலகையே பெரிதும் பயன்பட்டது. மரம் வெட்டுண்ட பின்னரும் அசைவு ஒழிவதில்லை. காற்றில் ஈரம் மிகும்போது அது நீரை ஏற்றுப் பருக்கும். கோடையில் அந்நீரை இழந்து சுருங்கும். மர இழையின் நீளவாக்கில் இம்மாற்றம் மிகச் சிறிது, குறுக்குவாக்கில் மிகுதி. பொற்றகடோ ஈரத்தால் பருப்பதுமில்லை, சுருங்குவதுமில்லை. அசையும் பொருளின்மேல் அதனோடு சேர்ந்து அசையாத பொருளை ஒட்ட வேண்டியிருப்பதே ஓவியருக்கு நேரும் இடர்.

இக்காலத்தில் பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகையையே பலரும் கொள்கின்றனர். மெல்லிய மர ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இழைகள் ஒன்றற்கொன்று குறுக்காக அமையுமாறு வைத்து அழுத்தி ஒட்டியது அது. ஓர் ஏடு பருக்க முயன்றால் அடுத்த ஏடு அதனைத் தடுத்து நிறுத்தும். எனினும் அதனையும் அவ்வாறே நம்பிவிடலாகாது. எண்ணெய்க் கறையும் தூசியும் படிந்த பலகையில் எப்பசையும் பற்றாது. அலமாரிக் கதவில் சிறுவர் ஒட்டும் ஒட்டுப்படம் சில நாளில் ஓரம் சுருண்டு விழுவதும் பெரும்பாலும் இக்காரணத்தாலேயே. பசை பலகையைப் பற்றாமல் தூசியைப் பற்றிக்கொள்கிறது. தூசியோ பலகையைப் பற்றுவதில்லை. ஆதலின் உப்புத்தாளால் பலகையைத் தேய்த்து, துகளை முற்றும் துடைத்தபின்னரே வேலை தொடங்குகிறது.

அடுத்தது துணி. கஞ்சி போக அலசிய பருத்தித் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் பலகையின்மேல் ஒட்டுவர். நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுவர். பலகை சிறிது அசைந்தாலும், அவ்வசைவைத் துணியின் நூல்கள் ஓரளவு தாங்கிக்கொள்கின்றன.

துணியின்மேல் சுண்ணத் தூளும் பசையும் குழைத்த பூச்சு ஏறுகிறது. கலையின் நுட்பம் முழுவதும் இங்கேதான் அடங்கியிருக்கிறது எனலாம். பசை குறைந்தால் பூச்சு மாவாய் உதிரும். மிகுந்தால் காயுங்கால் இறுகிச் சுருங்கி வெடிக்கும். மேற்பூச்சில் கீழ்ப்பூச்சைவிடப் பசை மிகுந்துவிட்டால், மேலது சுருங்கும்போது கீழுள்ளதையும் பெயர்த்துக்கொண்டு எழும். ஆதலின் மெல்லிய பூச்சுகளாக இட்டு, ஒவ்வொன்றும் நிழலில் காய்ந்த பின்னரே அடுத்ததை இடுதல் வேண்டும். பின்பு மேற்பரப்பு வழவழப்பாகும்வரை தேய்ப்பர். பொற்றகடு மிக மெல்லியது. கீழே ஒரு மணல் கிடந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பின்னரே கோடு வரைந்து, அணிகலன் வரும் இடங்களைச் சுண்ண மாவால் புடைப்பாக எழுப்பி, பசை தடவிப் பொற்றகட்டைப் பதிப்பர்.

திருமண நாள் நெருங்கிவிட்டது, படம் உடனே வேண்டும் என்று ஒருவர் விரைவுபடுத்துகிறார் என்று கொள்க. காலமோ ஐப்பசி, தஞ்சையில் அடைமழை பெய்கிறது. தொட்டுப் பார்த்தால் பூச்சு காய்ந்ததுபோலவே தோன்றும்; உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் பொன்னைப் பதித்துவிட்டால், அவ்வீரம் உலோகத் தகட்டை ஊடுருவி வெளியேற இயலாது. அது பசையை இளக்கும்; துணியில் பூஞ்சணம் பிடிக்கும். மணநாளன்று படம் குறையின்றி ஒளிரும். குற்றம் தெரிவதற்கு ஒரு கோடை வரவேண்டும். அப்போது தகடு மெல்ல உப்பி எழும். எழுந்த தகட்டின் அடியில் பூச்சும் பெயர்ந்திருக்குமானால், அவ்விடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் துணியிலிருந்தே தொடங்க நேரும். முகத்தின் அருகே அவ்வாறு நேர்ந்தால் பழைய முகம் திரும்பி வாராது. இதனை அறிந்த ஓவியர், வாங்க வந்தவரின் கடுஞ்சொல்லைப் பொறுத்துக்கொள்வாரேயன்றிப் பலகை காயுமுன் பொன்னைத் தொடமாட்டார்.

பழைய படங்களைச் செப்பனிடுவோர் வண்ணத்தையோ கல்லையோ முதலில் ஆராய்வதில்லை. படத்தைக் கிடத்தி, விரல் நுனியால் இடம் இடமாக மெல்லத் தட்டிச் செவி சாய்க்கின்றனர். பற்றியிருக்கும் இடம் திண்ணென்று ஒலிக்கும். பற்றுவிட்ட இடத்தில் உள்ளீடற்ற ஓசை எழும். பொன் சிறிதும் சிதையாமல் பளபளக்கும் இடத்திலும் அவ்வோசை எழுவது உண்டு.