யாழ்ப்பாணத்து ஒயிலும் ரொக்ஸ்பரோக் குளிரும்

ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் கூவான் வீதிக்குக் கிட்டவுள்ள எங்கள் தெருவில், பக்கத்து வீட்டு அண்ணையின் கொரோலாவுக்குப் பனிக்கால ரயர் மாற்றிக்கொண்டிருந்தோம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கியூபெக்கில் அது சட்டம். சில்லுகளைக் கழற்றி ஜாக்கி ஸ்ராண்டில் காரை நிறுத்தியபின் கீழே குனிந்து பார்த்தேன். கியர்பொக்ஸின் அடைப்பு நட்டில் ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை.

"அண்ணை, கியர் ஒயில் கடைசியா எப்ப மாத்தினனீங்கள்?"

"அது மாத்திற சாமான் இல்லைத் தம்பி. கார் உள்ள மட்டும் கிடக்கும்."

மீற்றரில் 190,000 கிலோமீற்றர்.

அண்ணை சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இயந்திரத்துக்குள் எரியும் பெற்றோலின் கரி எஞ்சின் ஒயிலில் சேரும்; மானுவல் கியர்பொக்ஸுக்குள் எதுவும் எரிவதில்லை. ஆகவே அந்த ஒயில் பல மடங்கு காலம் தாங்கும். ஆனால் பற்களுக்கு இடையில் நசிந்து நசிந்து அதன் பிசுப்பு குறைகிறது. உராயும் உருக்கும் பித்தளையும் தூளாகி அதிலேயே கலக்கின்றன. பெரும்பாலான மானுவல் பெட்டிகளில் வடிகட்டி கிடையாது. கீழ் நட்டில் உள்ள சிறு காந்தம் இரும்புத் தூளைப் பிடிக்கும், பித்தளையைப் பிடிக்காது. காரின் கைநூலில் மாற்றும் தூரம் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. போடாவிட்டால் 50,000க்கும் 100,000க்கும் இடையில் ஒருமுறை மாற்றுவது நல்லது. "ஆயுளுக்கும் போதும்" என்பதை, பதினைந்து வருசம் ஒரே காரை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் நம்பக்கூடாது.

அண்ணையை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்ததும், அடுத்த நம்பிக்கை வந்தது. "அப்ப நல்ல தடிச்ச ஒயிலா வாங்கு. ஊரில நாங்கள் தொண்ணூறு, நூற்றிநாப்பது எண்டுதான் விட்டனாங்கள்."

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அது பிழையான பழக்கம் இல்லை. காலையில் 25 பாகை, மத்தியானம் 34 பாகை. ஒயில் உறையும் பேச்சே இல்லை. ஓய்ந்துபோன பழைய பெட்டியின் சத்தத்தைத் தடித்த ஒயில் கொஞ்சம் அடக்கவும் செய்யும். ஆனால் ரொக்ஸ்பரோவில் சில சனவரி இரவுகளில் −25க்கும் கீழே போகும். ஒயில் போத்தலில் 75W-90 என்று இருப்பதில் முதல் எண்தான் குளிருக்கு உரியது. சோதனையில் குறிப்பிட்ட தடிப்பைத் தாண்டாமல் 75W ஒயில் −40 பாகை வரை தாங்கவேண்டும். 80W −26 வரை. 85W −12 வரை மட்டுமே. வெறும் 90, 140 என்று விற்பவற்றில் W இல்லை. குளிரில் என்ன ஆகும் என்பதற்கு அவை எந்த உறுதியும் தருவதில்லை. அதாவது 80W-90 போட்ட கார், மொன்றியலின் ஒரு சாதாரணக் கடுங்குளிர் காலையிலேயே தன் எல்லையில் நிற்கிறது.

அந்தக் காலையில் உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு கியருக்கும் பக்கத்தில் சிங்க்ரோ வளையம் ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் பித்தளை. நீங்கள் கியர் கம்பியைத் தள்ளும்போது அந்த வளையம் கியரின் கூம்பைப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் பற்களைச் சேர விடும். பிடிக்கவேண்டுமானால் இடையில் உள்ள ஒயில் படலத்தை வளையம் வெட்டித் தள்ளவேண்டும். ஒயில் பாணியாக இறுகியிருந்தால் வெட்ட முடியாது. இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கும். நாங்கள் பலவந்தமாகத் தள்ளுவோம். தேய்வது அந்த வளையம்.

எண் 90 என்பதைக் கண்டு அது எஞ்சின் ஒயிலின் 40ஐப் போல் இருமடங்கு தடிப்பு என்று எண்ணுவதும் பிழை. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். 90 கியர் ஒயில், சூட்டில், ஏறக்குறைய 40–50 எஞ்சின் ஒயிலின் தடிப்புத்தான்.

அடுத்தது போத்தலில் எழுதியிருக்கும் ஜிஎல்-4, ஜிஎல்-5. ஐந்து நாலைவிட உயர்ந்தது என்று கடையில் நிற்பவர்கூடச் சொல்லுவார். இவை தரப்புள்ளிகளே இல்லை; வேலையின் வகையைச் சொல்லும் எண்கள். பின்சில்லால் ஓடும் வாகனத்தின் பின் அச்சில், பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி அழுத்தும் டிஃபரென்ஷியலுக்கு உரியது ஜிஎல்-5. அதற்காகக் கந்தகமும் பொஸ்பரசும் கொண்ட சேர்மானம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். அந்தச் சேர்மானத்தின் வழுக்கல் சிங்க்ரோ வளையத்தின் பிடியைக் குறைக்கலாம். சில ஜிஎல்-5 ஒயில்களின் கந்தகம் சூட்டில் பித்தளையை அரிக்கவும் கூடும். முன்சில்லால் ஓடும் எங்கள் சின்னக் கார்களில் டிஃபரென்ஷியலும் கியர்பொக்ஸும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஒயிலில் இருக்கின்றன. சில நிறுவனங்கள் இரண்டில் எதையும் விடலாம் என்கின்றன. ஹொண்டா தனக்கென்று எம்ரிஎஃப் என்ற ஒயிலைச் சொல்கிறது. இன்னும் சில மானுவல் பெட்டிகளுக்கு ஒற்றோமற்றிக் கார்களின் ஏரிஎஃப் ஒயில்தான். கைநூலைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

"பழசை வடிச்ச உடன மண்ணெண்ணெய் விட்டு அலசவேணும்" என்றார் அண்ணை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயிலேயே ஓட்டிய தலைமுறை அது. அந்தக் கைகளின் திறமைமேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆனாலும் இந்தப் பெட்டிக்கு மண்ணெண்ணெய் வேண்டாம். முழுவதும் வடியாது, மூலைகளில் தங்கியது புது ஒயிலை நீர்க்கச் செய்யும். கொஞ்சத் தூரம் ஓடிவந்து, சூடாக வடியவிட்டாலே போதும்.

கிளச் வழுக்கினால் கியர் ஒயில் மாற்றினால் சரிவரும் என்பதும் நடக்காது. கிளச் தட்டு உலர்ந்த இடத்தில் சுழல்வது. நாங்கள் கிளச் ஒயில் என்று சொல்வது பிரேக் ஒயில். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே குப்பிதான்.

பெட்டி இறுக்கமாக மூடியது, தண்ணீர் போகாது என்ற நம்பிக்கையைப் பற்றி, 2017 மேயிலும் 2019 ஏப்ரலிலும் பிறெய்ரி ஆறு பெருகி எங்கள் பகுதி வீடுகளுக்குள் வந்ததை நினைத்துத்தான் சொல்லவேண்டும். கியர்பொக்ஸுக்கு மேலே ஒரு மூச்சுத்துளை இருக்கிறது. சில்லு மூழ்கும் தண்ணீரில் நின்ற காரின் ஒயிலைத் திறந்து பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மாற்றவேண்டும்.

வேலை அரைமணி நேரந்தான். முதலில் கழற்றவேண்டியது மேல் அடைப்பு. அது துருவேறி அசையாவிட்டால் கீழ் நட்டைத் தொடாதீர்கள். வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் கார் முற்றத்திலேயே நின்றுவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகவேண்டாம். கார் நாலு பக்கமும் மட்டமாக நிற்கவேண்டும், ஏனென்றால் மேல் துளையால் வழியும் மட்டமே அளவு. முன்பக்கத்தை மட்டும் தூக்கி நிரப்பினால் அளவு தவறும். நட்டுகளின் வாசர் இரண்டையும் புதிதாகப் போடவேண்டும். குளிரில் ஒயில் இறங்காது. போத்தலைக் கழுத்துவரை சுடுநீர் வாளியில் வைத்துவிட்டு, பொனற்றுக்கு மேலிருந்து புனலும் குழாயும் வைத்து ஊற்றலாம்.

அண்ணையின் ஒயில் கறுத்து, கந்தக மணத்தோடு வந்தது. காந்தத்தில் சாம்பல்நிறப் பசை, பற்பசை அளவு. அதைக் கண்டு அவர் பயந்துவிட்டார். பசை வழமையான தேய்மானம். விரலில் குத்தும் உலோகத் துணுக்குகள் இருந்தால்தான் பயப்படவேண்டும். துணியால் துடைத்தோம், வேறொன்றுமில்லை.

பழைய ஒயிலை வேலிக் கப்புக்குப் பூசினால் கறையான் வராது என்று ஊரில் பூசுவோம். இங்கே சிலர் துருப்பிடிக்காமல் இருக்கக் காரின் அடிப்பகுதிக்கே பூசுகிறார்கள். மழையில் கழுவுண்டு வடிகாலுக்குப் போய், அங்கிருந்து ஆற்றுக்குத்தான் போகும். அதற்குள் உலோகத் தூளும் இருக்கிறது. வாங்கியது 946 மில்லிலீற்றர் போத்தல் இரண்டு. வடிந்ததும் ஏறக்குறைய அவ்வளவே. வெறுமையான அதே போத்தல்களில் பழசை ஊற்றி மூடி, அடுத்த சனி சென் லோரான் எக்கோசென்ரர் என்ற கழிவு சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அண்ணை வதிவிடச் சான்றைக் காட்டிவிட்டு, இரண்டு போத்தலையும் தன் கையாலேயே கொடுத்தார்.