அம்மாயியின் கம்பஞ்சோறு கசக்காதது ஏன்?



மண்ணரை போன்ற நொய்யல் கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அம்மாயி ஆக்கிய கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் மறந்திருக்காது. இன்றோ, வீட்டில் பல நாள் இருந்த கம்பு மாவில் களி கிண்டினால் கசக்கிறது என்று பேரப்பிள்ளைகள் ஒதுக்குகின்றனர். குற்றம் கம்பில் இல்லை. மாவின் பழமையில்தான் உள்ளது.

கம்பின் முளைப்பகுதியில் எண்ணெய்ச் சத்து மிகுதி. மணி உடைந்ததும் அதிலுள்ள நொதிகள் இந்த எண்ணெயைச் சிதைக்கின்றன. சில நாட்களிலேயே மாவில் காறல் ஏற்படுகிறது. அம்மாயி அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உரலில் இடித்ததன் காரணம் இதுவே.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. கம்பை மணியாகவே சேமியுங்கள்.

2. ஒரு வாரத் தேவைக்கு மேல் அரைக்காதீர்கள்.

3. மாவு சில நாள் கூடுதலாகத் தாங்க வேண்டுமெனில், மணியைக் கொதிநீரில் அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்து, நன்கு உலர்த்தி அரையுங்கள்.

ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்துக் கொண்டாடியது. ஆனால், பேரப்பிள்ளைகள் கேட்டு வாங்கி உண்டால்தான் நம் மானாவாரிக் காட்டில் மீண்டும் கம்பு விதைக்க மனம் வரும். மூலையில் கிடக்கும் அம்மாயியின் உரலை இன்றே கழுவி நிமிர்த்துங்கள்!