சந்தன மரம் மீண்டும் தழைக்க வழி

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளில் தானே வளர்ந்த மரம் சந்தனம். களவு வெட்டும் ஸ்பைக் நோயும் அதைக் குறைத்துவிட்டன. 1998-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழியும் அபாயமுள்ள மரங்களில் சேர்த்தது.

முன்பு பட்டா நிலத்தில் முளைத்த சந்தனமும் அரசுக்கே சொந்தம். தொல்லைக்கு அஞ்சிக் கன்றைப் பிடுங்கி எறிந்த விவசாயிகள் உண்டு. 2002-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம். வெட்டவும் விற்கவும் வனத்துறையை அணுக வேண்டும்.

விதை: நோயற்ற பல மரங்களிலிருந்து பழுத்த காய்களைச் சேகரித்து, சதை நீக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். ஒரே மரத்து விதை போதாது.

துணைச்செடி: சந்தன வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி நீரும் சத்தும் பெறும். எனவே நாற்றுப் பையில் துவரை ஒன்று வளர்த்து, அது மேலோங்காமல் கிள்ளிவிட வேண்டும். நிலத்தில் அகத்தி, சவுக்கு ஏற்றவை. தனியே நட்ட கன்று தேறாது.

நிலம்: வடிகால் உள்ள செம்மண் மேட்டு நிலம் நல்லது. நீர் தேங்கினால் வேர் அழுகும்.

நோய்: இலை சிறுத்து, கொத்தாக விறைத்து நின்றால் ஸ்பைக் நோய். பூச்சி பரப்பும் இந்நோய்க்கு மருந்தில்லை. நோய் கண்ட பகுதியிலிருந்து கன்று கொண்டுவரக் கூடாது.

வயிரம் ஏறி நல்ல விலை பெற 20 ஆண்டுக்கு மேலாகும். ஆகவே சிறு விவசாயிகள் பயிர் நிலம் முழுவதையும் இதற்கு ஒதுக்க வேண்டாம். காவலுக்கு வசதியாக வீட்டருகே சில மரங்கள் வளர்த்து, கிராமக் கணக்கில் பதிந்துகொண்டால் போதும்.