ஓடிப்போகிற பையனுக்கு ஒரு வாசல் மணி

இரவு ஒன்பதரை வாக்கில் பஸ் ஸ்டாண்ட் அவுட்போஸ்ட்டிலிருந்து போன் வரும். “சார், உங்க ஆளு இங்கதான் உக்காந்திருக்கான்.” இதை எழுதுபவன் பைக்கை எடுப்பான். போகும் வழியெல்லாம் மனசுக்குள் திட்டுதான். தென்மாவட்டத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் நான்கு வருடம் வார்டனாக இருந்தபோது, பத்து வயதுப் பையன் ஒருவனுக்காக மட்டும் பதினோரு தடவை இப்படிப் போயிருக்கிறான். கூட்டி வந்து நிற்கவைத்து, “ஏன்டா ஓடுற?” என்பான். பையன் சுவரைப் பார்ப்பான்.

அந்தக் கேள்வியால் பிரயோஜனமில்லை என்று வேலையை விட்ட பிறகுதான் உறைத்தது, டொனால்டு வின்னிகாட் எழுதியவற்றைப் படிக்கப்போய்.

வின்னிகாட் (1896–1971) லண்டனில் குழந்தை மருத்துவர். பிராய்டு வழியில் வந்த உளப்பகுப்பாய்வாளர். 1939 செப்டம்பர் 1 அன்று, குண்டுவீச்சுக்குப் பயந்து பிரிட்டன் அரசு நகரத்துப் பிள்ளைகளைக் கிராமப்புறங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. சில நாட்களில் கிட்டத்தட்ட 15 லட்சம் பேர் இடம் மாறினார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிப்பது ஆபத்து என்று அவரும் மனநல மருத்துவர்களான ஜான் பௌல்பியும் இமானுவேல் மில்லரும் அந்த டிசம்பரிலேயே மருத்துவ இதழில் கடிதம் எழுதினார்கள். குண்டுக்குத் தப்பிய பிள்ளைகளில் சிலர் படுக்கையை நனைத்தார்கள், திருடினார்கள், வைக்கோல் போருக்குத் தீ வைத்தார்கள். எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்ட அவர்களுக்காக விடுதிகள் திறந்தார்கள். ஆக்ஸ்போர்டு வட்டார விடுதிகளுக்கு வின்னிகாட் வாரம் ஒருமுறை போய்வந்தார். அங்கே சமூகப் பணியாளராக இருந்தவர் கிளேர் பிரிட்டன், பின்னாளில் அவர் மனைவி.

அந்த அனுபவத்தைப் பற்றி 1970இல், இறப்பதற்குச் சில மாதம் முன்பு, வின்னிகாட் ஓர் உரையில் பேசினார். அங்கே உண்மையில் சிகிச்சை செய்தவை எவை என்று அவர் போட்ட பட்டியலைப் படித்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் வெட்கமும் வரும். சுவர்கள், கூரை. பிள்ளைகள் கல்லெறிய வசதியாக இருந்த கண்ணாடிக் கூடம். போர்க்கால நிலக்கரியை ஏகமாய் விழுங்கிய பெரிய குளியல் தொட்டிகள். சமையல்காரர். வேளை தவறாமல் மேசைக்கு வந்த சாப்பாடு. நல்ல நிறத்தில் படுக்கை விரிப்புகள். பெரிய டாக்டரின் பேச்சு அதில் கடைசியில்கூட இல்லை.

உளப்பகுப்பாய்வு என்றால் சோபாவில் படுக்கவைத்துக் கனவைக் கேட்பது என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். அதற்குள்ளும் இருப்பது இந்தச் சுவரும் கூரையும்தான். வாரத்தில் அதே கிழமை, அதே நேரம், அதே ஐம்பது நிமிடம், அதே ஆள். வாயால் சொல்லத் தெரியாததை மனிதன் செய்து காட்டுவான். காட்டும்போது எதிரில் இருப்பவர் ஓடிவிடவும் கூடாது, திருப்பி அடிக்கவும் கூடாது.

கூடாதுதான். ஆனால் எரிச்சல் வருமே? வின்னிகாட் வீட்டுக்கே வந்தது. ஒன்பது வயதுப் பையன், ஆறு வயதிலிருந்தே ஓடிப் பழகியவன், விடுதியிலும் நிற்கவில்லை. அவனை வின்னிகாட்டும் முதல் மனைவியும் மூன்று மாதம் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். முதலில், எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம், கையில் ஒரு ஷில்லிங்கும் உண்டு. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் செய்தால் அழைத்துவரப்படுவான். கொஞ்ச நாளில் அவன் ஓடுவதை விட்டு வீட்டையே உடைக்க ஆரம்பித்தான். அடி கிடையாது. வெறி ஏறினால் மழையோ நடு இரவோ, வாசலுக்கு வெளியே விட்டுவிடுவார் வின்னிகாட். நீ செய்ததால் உன்மேல் எனக்கு வெறுப்பு வந்துவிட்டது என்றும் சொல்லிவிடுவார். வாசலில் அவனுக்கென்று ஒரு மணி இருந்தது. அடித்தால் கதவு திறக்கும், நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை வராது. தணிந்ததும் பையன் மணியை அடிப்பான். (இன்றைக்கு இப்படிச் செய்தால் குழந்தைகள் நலக் குழு வந்து நிற்கும், நிற்கவும் வேண்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது மணியை, மழையை அல்ல.)

இதைப் படித்த அன்று இதை எழுதுபவனுக்குத் தூக்கம் வரவில்லை. அவனுடைய பையனும் ஒரு கட்டத்தில் ஓடுவதை நிறுத்தியிருந்தான். எல்லோரும் பெருமூச்சு விட்ட இரண்டாவது வாரம் சுவிட்ச் பாக்ஸை உடைத்தான், அடுத்த நாள் டியூப்லைட்டை. ‘இவன் திருந்த மாட்டான்’ என்று வேறு இல்லத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தது வார்டன்தான். இங்கே தங்கலாம் என்று நம்பத் தொடங்கியதால் உடைத்துப் பார்த்தான் என்பது அப்போது தெரியாது. திருட்டிலும் உடைப்பிலும் நம்பிக்கை ஒளிந்திருக்கிறது என்று 1956இல் வின்னிகாட் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். ஆகவே இல்லம் நடத்துகிறவர்களுக்கும் வளர்ப்புப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை அடங்கியபின் திடீரென்று மோசமானால், அந்த மாதம் எந்த மாற்றல் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிள்ளையிடம் ஞாயிறு நாலு மணிக்கு வருகிறேன் என்றால் நாலு மணிக்கு நில்லுங்கள். முடியாதென்றால் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள். பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு, “இந்தப் பையனைக் கண்டாலே எனக்கு ஆகலை” என்று ஒளிக்காமல் பேச இடம் வேண்டும். அங்கே இறக்கி வைக்காதது பிரம்பில்தான் போய் இறங்கும்.

பெரியவர்கள் தங்களுக்கென்று சிகிச்சையாளரைத் தேடும்போது பட்டத்தோடு இன்னொன்றும் விசாரிக்கலாம்: நேரம் நிலையாக இருக்குமா, விடுப்பு எடுத்தால் முன்கூட்டிச் சொல்வாரா? மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆகும் வைத்தியம் இது, செலவும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், மனம் பிறழ்ந்த நிலை என்றால் முதலில் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அந்த இல்லத்தில் சமையல் செய்த அக்கா எட்டாவது வரை படித்தவர். பையன் ஓடிய இரவுகளில் அவன் தட்டில் சோறு போட்டு இன்னொரு தட்டால் மூடி, அடுப்பு மேடை ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். அரிசிக் கணக்குப் பார்க்கும் வார்டன் ஒருநாள் சத்தம் போட்டான். “வருவான் தம்பி. வந்தா பசிக்கும்ல” என்றார். பதினோரு தடவையும் அந்தத் தட்டு காலியாகத்தான் கழுவப் போனது.