சுவரை ஊடறுக்கும் வெப்பப் பாலங்கள்

வெப்பம் மிக்க இடத்தினின்று குறைந்த இடத்துக்குப் பாயும் என்பதையும், அப்பாய்ச்சலுக்கு எல்லாப் பொருளும் ஒரே வகையாக வழிவிடுவதில்லை என்பதையும் மெழுகு பூசிய கோல்களைக் கொண்டு நாமெல்லாம் ஆய்கூடத்திலே கற்றோம். குளிர்நாடுகளில் எழும் பெரிய விடுதிகளிலும் அலுவலகங்களிலும் அப்பாடம் இன்று பெரும் பொருட்செலவுக்குரிய வினாவாக நிற்கின்றது.

உருக்கின் வெப்பக் கடத்தாறு ஏறத்தாழ 50 எனின், கம்பியிட்ட கொங்கிறீற்றினது 2 அல்லது சிறிது கூட. சுவருக்குப் போர்வையாக இடும் பொலித்தைரீன் நுரையினதோ 0.035 மட்டுமே. ஆதலின் நுரைப்போர்வையை ஊடறுத்து உருக்கோ கொங்கிறீற்றோ வெளியே செல்லுமிடமெல்லாம் வெப்பம் தப்பியோடும் வழியாகின்றது. இதனையே வெப்பப் பாலம் என்பர்.

மேன்மாடத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே தளமாகக் கிடக்கும் கொங்கிறீற்றுத் தட்டே சுவரைக் கடந்து வெளியே நீண்டு மாடமாகின்றது. சிக்காகோ நகரில் 2009இல் நிறைவெய்திய அக்குவா என்னும் 82 மாடிக் கட்டடத்திலே இத்தட்டுகள் சிலவிடங்களில் 12 அடி வரை வெளிநீண்டு, அலைபோல் வளைந்து கண்ணைக் கவர்கின்றன. அழகில் நமக்கு ஐயமில்லை. எனினும் இடையிலே வெப்பத்தடை இல்லாமையால், அத்தட்டுகள் வெப்பத்தை வெளியே வீசும் தகடுகளாகத் தொழிற்படுகின்றன எனக் கட்டட அறிவியலார் குறைகூறினர். 2019 சனவரியில் அந்நகரம் பூச்சியத்தின்கீழ் 30 சதமபாகை வரை குளிர்ந்தது என்பதை எண்ணின், அக்குறைகூறல் வீணன்று.

கணக்கிட்டும் பார்க்கலாம். 15 சென்ரிமீற்றர் நுரை போர்த்த சுவரில், ஒரு மீற்றர் நீளமும் 3 மீற்றர் உயரமுமுள்ள பகுதியூடாக, ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 0.66 உவாற்று வெளியேறும். அதே ஒரு மீற்றர் நீளத்தில் தடையின்றிக் கடக்கும் தட்டோ தனியே 0.9 உவாற்றளவு இழக்கச் செய்யும். மொத்தம் 1.56. இனி நுரையை இருமடங்காக்கினாற் சுவரின் பங்கு 0.34 ஆகும், தட்டின் பங்கு பெரிதும் மாறாமையின் மொத்தம் 1.24 அளவிலேயே நிற்கும். நுரையைக் கூட்டாது, தட்டிலே தடையொன்றை வைத்து அதன் பங்கை 0.25 ஆக்கினால் மொத்தம் 0.91. போர்வையின் தடிப்பொன்றையே பெருமையாகப் பேசும் வழக்கம் எத்துணைப் பயனற்றது என்பதை இதனாற் காண்க.

அத்தடை யாதெனில், தளத்துக்கும் மாடத்துக்கும் இடையே 8 அல்லது 12 சென்ரிமீற்றர் நுரையை வைத்து, துருப்பிடியா உருக்குக் கம்பிகளால் இரண்டையும் இணைத்தலாம். அவ்வுருக்கின் கடத்தாறு 15 அளவே. சாதாரண உருக்கினதில் மூன்றிலொன்றுக்கும் குறைவு. செருமனியில் 1980களிலே வணிகப் பொருளாக வந்த முறை இது. மாடத்தின் பாரத்தைத் தாங்கவேண்டிய இடமும் அதுவே ஆதலின், அமைப்புப் பொறியியலாளர் தொடக்கத்திலேயே வரைபடத்தில் இதற்கு இடமளித்தல் வேண்டும். கட்டிமுடித்தபின் செய்யத்தக்கது மிகச் சிறிது.

மெல்லிய உருக்குத் தூண்களுக்கிடையே போர்வையை அடைக்கும் சுவர்களின் நிலை இன்னும் மோசம். 16 அங்குல இடைவெளியில் தூண்கள் நின்றால், அமெரிக்க அளவையில் 13 எனக் குறித்து விற்கப்படும் போர்வை 6 அளவே பயன்தரும். தூண்களுக்கு வெளியே முறியாத போர்வையொன்றைச் சுற்றுதலே நேரிய வழி. அலுமினியச் சாளரச் சட்டங்களில் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் பொலியமைட்டுப் பட்டிகளாற் பிரித்தல் இப்போது பொது வழக்கு.

எரிபொருட் செலவோடு இது முடிவதில்லை. 20 பாகையும் 50 வீத ஈரப்பதனும் கொண்ட அறையிலே 9.3 பாகைக்குக் கீழ்க் குளிர்ந்த மூலையில் நீர் துளிக்கும், 12.6 பாகையிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அங்கு வாழ்வோரின் மூச்சுக்கு அது கேடு.

கொழும்பிலே குளிரூட்டிய அலுவலகத்துக்கும் வெளிக்கும் 8 பாகை வேறுபாடே இருத்தலின் வெப்ப இழப்பு அத்துணைப் பெரிதன்று. ஆயினும் 30 பாகையும் 75 வீத ஈரப்பதனும் உள்ள வளியின் பனிபடுநிலை 25 பாகையாகும். 22 பாகைக்குக் குளிர்ந்த தட்டு திறந்த படிக்கட்டுப் பக்கம் நீண்டால் அதன் அடியில் நீர் கசிவதுபோலத் துளிர்க்கும். கூரை ஒழுகுகின்றதென மேலே தேடுவார் பலர். பூச்சியத்தின்கீழ் 18 பாகையில் மீன் காக்கும் குளிர்க்களஞ்சியங்களிலோ, போர்வையைத் துளைத்துச் செல்லும் ஒவ்வோர் உருக்குத் தூணும் கணக்கிலெடுக்கப்படவேண்டும்.